சூதாடு பலகையும் கவனகமும்

சீட்டாட்டப் போட்டிகளில் இறங்குவோர் மனத்தை ஒருமைப்படுத்துவதற்காக மூச்சுப் பயிற்சியும் தியானமும் பழகுகின்றனர் என்று கேள்விப்பட்டால், நம்மவருள் சிலர் நகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். உள்ளத்தை அடக்கி உயர்நிலை எய்துவதற்காக ஆன்றோர் வகுத்த நெறி எங்கே, பணம் வைத்து ஆடும் 'போக்கர்' மேசை எங்கே என்பது அவர்தம் வினா. வினா நேரியதே. ஆயினும், ஆட்டத்திற்கும் மன ஒருமைக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. தமிழர் அவ்வுறவைப் பழங்காலத்திலேயே எண்ணிப் பார்த்திருக்கின்றனர். அதன்வழி ஒரு கலையையே வளர்த்திருக்கின்றனர். அவ்வரலாற்றைப் பினாங்கிலிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருத்தமாகும். ஏனெனில், சூதில் உண்மையாக வெல்பவர் யார் என்பதை ஐயமறக் காட்டிய ஊர்களுள் இதுவும் ஒன்று.

குத்தகைக்காரரின் வெற்றி

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். வணிகரைக் கவர்வதற்காகச் சுங்கமில்லாத் துறைமுகமாக இதனைத் திறந்துவிட்டனர். சுங்கம் இல்லையெனில் ஆட்சிச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அதற்கு அவர்கள் கண்ட வழி குத்தகை முறை. அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றை நடத்தும் தனியுரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகுதியாகக் கேட்டவர் அரசுக்குக் குறித்த தொகையைச் செலுத்துவார். அதற்கு மேல் வருவதெல்லாம் அவருடையது. அவருடைய உரிமையின்றி வேறெவரும் சூதாட்டக் களம் வைத்தல் ஆகாது.

அந்நாளிலேயே தமிழர் இங்கு இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த 'சூலியர்' ஏறத்தாழ ஆயிரவர் குடியேறியிருப்பதாகவும், கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆள்கள் வரை கொண்டுவருவதாகவும் லைட் 1794ஆம் ஆண்டில் எழுதியுள்ளார். கடைக்காரரும் கூலியாள்களும் மாலுமிகளுமாக வந்த அவர்களுட் பலர் சில திங்கள் உழைத்துப் பொருள் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப எண்ணியவர்கள். குடும்பமின்றித் தனித்து வாழ்ந்த அத்தகைய உழைப்பாளிகள், எவ்வினத்தவராயினும், கூலி பெற்ற நாளில் செலவிட எளிதில் வாய்த்த இடங்கள் கள்ளும் அபினும் சூதும் விற்ற இடங்களே. அவர்கள் வென்றாலும் தோற்றாலும் குத்தகைக்காரர் வென்றார்; அவருக்குப் பின்னால் அரசு வென்றது.

இம்முறை பினாங்கோடு நிற்கவில்லை. சிங்கப்பூரில் 1820ஆம் ஆண்டில் சூதாட்டக் குத்தகை தொடங்கிற்று. ராபிள்சு 1823இல் அதனைத் தடுத்தார். அவர் சென்றபின் மீண்டும் தலையெடுத்து, 1829இல் ஒழிந்தது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களிலோ 1912ஆம் ஆண்டின் இறுதிவரை அது நீடித்தது. பொதுச் சூதாட்ட இல்லங்களைத் தடுக்கும் இன்றைய மலேசியச் சட்டம் 1953ஆம் ஆண்டினது. 1969இல் கெந்திங் மலைக்கு உரிமம் வழங்கப்பெற்று, 1971இல் அங்குச் சூதாட்ட அரங்கு திறக்கப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை நாம் தெளிவாகக் காணல் வேண்டும். களத்தை நடத்துபவரை எதிர்த்து ஆடும் ஆட்டங்களில் கணக்கு எப்பொழுதும் நடத்துபவர் பக்கமே சாய்ந்திருக்கும். அங்கு ஆடுபவன் எத்துணை அமைதியாக மூச்சு விட்டாலும் அக்கணக்கு மாறாது. போக்கர் அத்தகையதன்று. அதில் ஆடுபவர் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடுகின்றனர். நடத்துபவர் தமக்குரிய கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றார். ஆகவே அதில் திறமைக்கு இடமுண்டு. மன ஒருமைக்கும் இடமுண்டு. இவ்விரண்டையும் வேறு பிரித்தறியாமல் 'தியானம் செய்தால் சூதில் வெல்லலாம்' என்று எவரேனும் கூறினால் அது பொய்யாகும்.

வல்லும் கவைத்த மனமும்

சங்க காலத் தமிழர் ஆடிய ஆட்டங்களுள் ஒன்று 'வல்' அல்லது 'வல்லு'. இச்சொல்லின் புணர்ச்சிக்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியலில் விதி வகுத்திருக்கின்றார். தொழிற்பெயரைப்போல உகரம் பெற்றுப் புணரும் இச்சொல், 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் வருமிடத்து உகரம் கெட்டு அகரம் பெறுதலும் உண்டு என்பது அவ்விதி. வல்லநாய், வல்லப்பலகை என வரும். ஈண்டு நாய் என்பது ஆடுங்காய். பலகை என்பது காய் நகர்த்தும் களம். இலக்கண நூலார் தனியே விதி கூறும் அளவுக்கு இவ்வாட்டம் மக்கள் வழக்கில் ஊன்றியிருந்தது என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

புறநானூற்று 52ஆம் பாட்டில் பாழடைந்த ஒரு பொதியில் வருகின்றது. அங்கே நரைத்த முதியோர் காய் வைத்து ஆடி ஆடிக் குழிந்துபோன இடத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. பகைவர் நாடு அழிந்த நிலையைக் காட்டப் புலவர் தேர்ந்துகொண்ட காட்சி அது. ஊரார் ஒன்றுகூடி ஆடிய இடம் வெறுமையுற்றதே அழிவின் அடையாளம் என்றால், அவ்வாட்டம் அக்காலத்தார்க்கு வெறும் பழியாக மட்டும் தோன்றவில்லை என்பது புலப்படும்.

அகநானூற்று 377ஆம் பாட்டிலும் இதே முதியோர் வருகின்றனர். நடுங்கும் தலையைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் வல்லாடுகின்றனர். அவர்களுடைய மனத்திற்குப் புலவர் தந்திருக்கும் அடைமொழிதான் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. மரக்கிளை கவைத்துப் பிரிவதுபோல இரண்டாகப் பிரிந்த மனம் என்பது அதன் கருத்து. இக்காயை நகர்த்தலாமா, அக்காயை நகர்த்தலாமா என்று ஊசலாடும் உள்ளத்தை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. ஆடுபவனுக்கு முதற்பகை எதிரே இருப்பவன் அல்லன். தன்னுள்ளே கவைக்கும் மனமே என்பதை அப்புலவர் கண்டிருக்கின்றார்.

திருவள்ளுவர் 'சூது' என்னும் 94ஆம் அதிகாரத்தில் இதனை மேலும் ஆழ்ந்து நோக்கினார். சூதில் வரும் வெற்றியே மீன் விழுங்கிய தூண்டிற் பொன் போன்றது என்பது அவர் கருத்து. தோற்றவன் மட்டுமன்றி வென்றவனும் அகப்பட்டவனே. கைப்பொருள் கரையக் கரைய ஆட்டத்தின்மேல் விருப்பம் வளர்வதை அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் காட்டுகின்றார். 'விட்டதைப் பிடிக்கின்றேன்' என்று மேலும் மேலும் இழப்பவனை நாம் ஊர்தோறும் கண்டிருக்கின்றோம். போக்கர் ஆடுவோர் இந்நிலையைச் 'சாய்தல்' என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லால் குறிக்கின்றனர். தட்டிவிட்ட ஆட்டப்பெட்டி சாய்ந்து ஆட்டம் நின்றுபோவதிலிருந்து எடுத்த சொல் அது. பெயர்தான் புதிது, நோய் வள்ளுவர் அறிந்ததே.

நளன் கற்ற பாடம்

கவறாட்டத்தில் நாடிழந்தோர் இருவரை நம் இலக்கியம் நன்கறியும். ஒருவன் தருமன், மற்றவன் நளன். நளன் கதையைப் புகழேந்தியார் நளவெண்பாவாகவும், அதிவீரராம பாண்டியர் நைடதமாகவும் தமிழில் தந்தனர். நளன் நாடிழந்த பகுதியை யாவரும் அறிவர். அவன் நாட்டை மீண்டும் எவ்வாறு பெற்றான் என்பதை நாம் போதிய அளவு எண்ணுவதில்லை.

அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக நளன் இருந்தபோது, வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்டனர். அதன் காய்களையும் இலைகளையும் மன்னன் நொடியிற் கணக்கிட்டுச் சொன்னான். இரு கிளைகளில் மட்டும் 2,095 காய்கள் என்பது வியாசர் பாரதம் கூறும் எண். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான். எண் சரியாக இருந்தது. அந்நாளில் கவறாகப் பயன்பட்டது தான்றிக்காயே என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். குதிரையின் உள்ளத்தை அறியும் கலையை நளன் கற்பிக்க, கவற்றின் உள்ளத்தை அறியும் கலையை மன்னன் கற்பித்தான். அக்கலை உள்ளே புகுந்த அளவில், அதுவரை நளனைப் பற்றியிருந்த கலி வெளியேறினான்.

இக்கதையைப் புராணம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு பகுதியைப் பார்த்து முழுமையைக் கணக்கிடும் அறிவும் சூதாட்ட அறிவும் ஒன்றே என்று இதனை ஆக்கியோர் கருதியிருக்கின்றனர். நிகழ்தகவுக் கணிதத்தின் வரலாற்றை ஆராய்ந்த மேனாட்டு அறிஞர் இயான் ஃகாக்கிங்கும் இக்கதையை எடுத்துக் காட்டியுள்ளார். நளன் கற்றவை இரண்டு: எண்ணும் அறிவு ஒன்று, கலி நீங்கிய மனம் மற்றொன்று. ஒன்றில்லாமல் மற்றொன்று அவனுக்குப் பயன்படவில்லை.

போக்கர் ஆட்டத்திற்கும் இது பொருந்தும். 52 சீட்டுகளிலிருந்து ஐந்து சீட்டுகளை 25,98,960 வகையாக எடுக்கலாம். இன்று பெரிதும் ஆடப்படும் டெக்சாசு வகையில், முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகள் 1,326 வகையாக அமையக்கூடும். அவற்றுள் மிகச் சிறந்ததாகிய இரண்டு 'ஏசு' சீட்டுகள் வருவது சராசரியாக 221 முறைக்கு ஒருமுறைதான். ஆகவே தேர்ந்த ஆட்டக்காரனுடைய வேலையிற் பெரும்பகுதி காத்திருத்தலே. வேண்டாத சீட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, பிறர் ஆடும் முறையை மணிக்கணக்காக நோக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். நல்ல சீட்டுடன் ஆடியும் தோற்றுவிட்டால், சினங்கொள்ளாமல் அடுத்த ஆட்டத்தைப் புதிதாகக் காணல் வேண்டும். கணக்கை ஏட்டிற் கற்றுவிடலாம். இப்பொறுமையை ஏட்டிற் கற்க இயலாது.

பந்தயமில்லாத அரங்கு

இனி, தமிழர் இப்பொறுமையை எங்கே பயின்றனர் என்று காண்போம். அவதானம் என்றும், தூய தமிழிற் கவனகம் என்றும் வழங்கும் கலையே அது. ஒரே அமர்வில் எட்டுச் செயல்களில் மனம் செலுத்துவோர் அட்டாவதானி, பத்தானால் தசாவதானி, நூறானால் சதாவதானி. ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இலக்கண ஐயம் எழுப்புவார். ஒருவர் கணக்குக் கொடுப்பார். ஒருவர் இடையிடையே மணியடிப்பார். ஒருவர் முதுகிற் கல்லெறிவார். அவதானி பாட்டையும் முடித்து, விடையையும் கூறி, மணியோசை எத்தனை, கல் எத்தனை என்றும் இறுதியிற் சொல்லுதல் வேண்டும். அச்செயல்களுக்கு நடுவே சதுரங்கமும் சொக்கட்டானும் ஆடுவதும் அவதான அரங்குகளில் ஒரு பகுதியாக இருந்தது.

இதுவே நம் வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க இடம். சூதாடு பலகையை நம் முன்னோர் முற்றிலும் எறிந்துவிடவில்லை. அதனைப் புலவர் அவைக்குள் கொண்டுவந்து வைத்தனர். காய் இருந்தது; களம் இருந்தது; எதிராளி இருந்தார்; வெற்றி தோல்வி இருந்தது. பந்தயம் மட்டும் இல்லை. கவைத்த மனத்தை வளர்த்த ஆட்டம், கவையாத மனத்தைச் சோதிக்கும் உரைகல்லாயிற்று.

இக்கலையில் புகழ் பெற்றோர் சமயம் கடந்து தோன்றினர். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி எனப் போற்றப்பெற்றவர், திரு. வி. க. அவர்களின் ஆசிரியர். கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் மனம் செலுத்திக் காட்டிச் சதாவதானி என்னும் பெயர் பெற்றார். வள்ளலார் பாடல்களைப் பற்றிய அருட்பா மருட்பாப் போரில் இவ்விருவரும் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். கருத்தில் மாறுபட்ட இருவரும் கவனகத்தில் ஒன்றுபட்டிருந்தனர் என்பது நினைக்கத்தக்கது. 1950இல் மறைந்த பாவலருக்கு இந்திய அரசு 2008ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டது.

ஒரே நொடியில் மனம் இரண்டு செயல்களில் முழுமையாக நிற்பதில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு விரைந்து மாறுகின்றது என்று உளவியலார் கூறுவர். இது கவனகத்தின் பெருமையைக் குறைப்பதன்று. அதன் நுட்பத்தை விளக்குவது. நூறு பேர் நூறு திசையில் இழுக்கும்போது ஒவ்வொன்றிற்கும் உரிய நேரத்தில் முழு மனத்தையும் கொடுத்து, அது முடிந்ததும் அதனைப் பற்றிக்கொண்டிராமல் விட்டுவிடுவதே அந்நுட்பம். தோற்ற ஆட்டத்தை விடமாட்டாதவன் அடுத்த ஆட்டத்தையும் தோற்பதற்கு இந்நுட்பம் இல்லாமையே காரணம்.

மூச்சும் குறிப்பும்

மனத்தை இவ்வாறு பழக்குவதற்குரிய மெல்லிய பயிற்சிகளுள் முதன்மையானது மூச்சு. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64 மாத்திரை, வெளிவிட 32 மாத்திரை என்று அளவு வகுத்தார். அது தக்க ஆசானிடம் நெடுநாள் பழகுவோர்க்கு உரியது. ஏனையோர் மூச்சை நிறுத்த முயலாமல், நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறையாக மெல்ல விட்டாலே போதும். அவ்வாறு செய்தால் இதயத் துடிப்பு மூச்சோடு இசைந்து ஏறி இறங்குகின்றது. உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வலுப்பெறுகின்றது என்று இக்கால மருத்துவ ஆய்வாளர் கண்டுள்ளனர். திருநெல்வேலிப் பத்தமடையில் 1887இல் பிறந்து, 1913 முதல் 1923 வரை மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர்த் துறவு பூண்ட சுவாமி சிவானந்தர், இத்தகைய பயிற்சிகளை எளிய மக்களுக்கும் எட்டும்படி எழுதிப் பரப்பினார்.

பினாங்குக்கு இதில் மற்றொரு மரபும் உண்டு. புலாவ் தீக்குசில் 1803ஆம் ஆண்டிலேயே பர்மியர் பௌத்தக் கோயில் கண்டனர். மகாசி சயாதோவின் பர்மிய முறையைப் பயிற்றும் மலேசிய பௌத்த தியான மையமும் இத்தீவிலேயே அமைந்தது. மூச்சு விடுகையில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் நோக்குதல், இடையே தோன்றும் எண்ணத்தைப் பெயரிட்டுக் குறித்தல் என்பனவே அம்முறையின் அடிப்படை. சினம் வந்தால் 'சினம், சினம்' என்று மனத்திற்குள் குறித்துக்கொள்வர். பெயரிட்டவுடன் சினம் சற்றே அயலதாகிவிடுகின்றது. அதன் பிடி தளர்கின்றது.

போக்கர் ஆடுவோர் நாடிவருவது இத்தகைய பயன்களைத்தான். லாசு வேகாசு நகரில் 1970 முதல் நடந்துவரும் உலகப் போக்கர் தொடரின் 2005ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியில் ஐந்தாமிடம் பெற்ற அயர்லாந்துக்காரர் ஆண்டி பிளாக், அதற்கு முன் பல ஆண்டுகள் ஆட்டத்தை விட்டுப் பௌத்தச் சங்கத்தில் வாழ்ந்தவர். உளவியல் அறிஞர் மரியா கோனிகோவா போக்கர் ஆட்டத்தைக் கற்ற வரலாற்றை 2020இல் நூலாக வெளியிட்டார். நம் கையில் இருப்பது எது, ஊழின் கையில் இருப்பது எது என்று பிரித்தறிதலே அந்நூலின் உட்பொருள்.

ஆனால் ஒன்றை மறைத்தல் ஆகாது. திருமூலர் மூச்சுப் பயிற்சியை முதலில் வைக்கவில்லை. இயமம், நியமம் என்னும் ஒழுக்கங்களைக் கூறி, இருக்கையைக் கூறி, அதன் பின்னரே மூச்சுக்கு வருகின்றார். புத்தரும் சிகாலோவாத சூத்திரத்தில் சூதாட்டத்தின் கேடுகள் ஆறினை எண்ணிக் காட்டினார். பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு நோக்கத்தை விட்டுவிடுவோர், ஏணியை எடுத்துக்கொண்டு எங்கே ஏறுவது என்பதை மறந்தவராவர். அமைதியாக ஆடுபவன் குறைவாக இழப்பான் என்பது மெய்யே. தான் வெல்லும் பொருள் எதிரே இருப்பவன் வீட்டுச் சோறு என்பதை அவ்வமைதி மறக்கச் செய்யுமாயின், அது அமைதியன்று, மரத்துப்போதல்.

ஆசிரியர் செய்யத்தக்கது

குத்தகைக்காரரின் கொட்டகை இன்று பினாங்கில் இல்லை. ஆனால் ஆட்டக்களம் கைப்பேசி வடிவில் மாணவர் சட்டைப்பைக்கே வந்துவிட்டது. 'ஆடாதே' என்று தடுப்பது மட்டும் போதுமா? ஆட்டத்தின்மேல் இளைஞர்க்கு உள்ள விருப்பம் இயற்கையானது. அதனை நம் முன்னோர் எவ்வாறு கையாண்டனர் என்பதை மேலே கண்டோம். ஆட்டத்தை வைத்துக்கொண்டு பந்தயத்தை நீக்கினர்.

தமிழாசிரியர் இதனை வகுப்பறையிலேயே செய்யலாம். மாணவரை இரண்டு மணித்துளி நிமிர்ந்திருந்து மெல்ல மூச்சுவிடச் செய்க. பின்னர் ஒரு செய்யுட் பகுதியைப் படிக்கச் செய்து, இடையிடையே மேசையைத் தட்டுக. படித்ததன் பொருளோடு, தட்டிய எண்ணிக்கையையும் இறுதியிற் கேட்க. இரண்டு செயல்களில் தொடங்கி மூன்று, நான்கு என ஏறலாம். மற்றொரு நாள் ஒரு மாணவனைச் சதுரங்கம் ஆடவிட்டுக்கொண்டே சொற்களைப் பிரித்தெழுதச் சொல்லலாம். செலவு ஒன்றுமில்லை, இழப்பவர் எவருமில்லை. கவனகர் இராமையா, அவர் மகனார் கனகசுப்புரத்தினம் முதலியோர் திருக்குறளைக் கொண்டு இக்கலையை நம் காலத்திலும் நிகழ்த்திக் காட்டியுள்ளனர். ஆதலின் இது இயலாதது என்று சொல்வதற்கில்லை.

கவனம் என்பதும் ஒரு செல்வம். கூலியைப் போலவே அதனையும் எங்கே செலவிடுகின்றோம் என்பதைப் பொறுத்தே வாழ்வு அமைகின்றது. கப்பலேறி வந்த நம் முன்னோருட் சிலர் தம் கூலியைக் குத்தகைக்காரரிடம் இழந்திருக்கலாம். அவர்தம் வழிவந்த பிள்ளைகள் தம் கவனத்தையும் அவ்வாறே இழந்துவிடாமல் காப்பது ஆசிரியர் கடனாகும்.